அறுவை அரங்கில் முதல் ஒரு மணி நேரம்

சிசேரியன் அறுவையின்மூலம் குழந்தை பிறக்கும் அரங்குகளில், இந்நாட்டின் எந்த மூலையிலும் ஏறக்குறைய ஒரே காட்சியைக் காணலாம். மருத்துவர் குழந்தையை எடுக்கிறார். தொப்புள்கொடி துண்டிக்கப்படுகிறது. காத்திருக்கும் செவிலியர் பச்சைத் துணியில் குழந்தையை வாங்கித் தாயின் தலைமாட்டுக்கு வந்து சில வினாடிகள் காட்டுகிறார். ஆணா, பெண்ணா என்று சொல்கிறார். பிறகு குழந்தை மூலையிலுள்ள வெப்ப மேடைக்குப் போகிறது. அங்கே துடைக்கப்பட்டு, எடை பார்க்கப்பட்டு, கழுத்துவரை துணியில் சுற்றப்பட்டு, அரங்கின் வாசலில் காத்திருக்கும் உறவினர் கைக்குச் செல்கிறது. தாய் தன் குழந்தையை மறுமுறை பார்ப்பது, தையல் முடிந்து, கண்காணிப்பு அறையிலிருந்து வார்டுக்கு மாற்றப்பட்ட பிறகுதான். இடையில் இரண்டு மணி நேரம் கழியலாம், நான்கும் கழியலாம்.

இதில் யாருடைய அலட்சியமும் இல்லை. குழந்தைக்குக் குளிர் தாக்கக்கூடாது, தாய்க்குத் தொந்தரவு இருக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் அமைந்த ஒழுங்கு இது. ஆனால் இந்த ஒழுங்கு உருவான காலத்தின் நிலைமை வேறு. இன்றைய நிலைமை வேறு. இயல்பான பிரசவத்தில் ஈரம் துடைத்த குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் சேர உடனே கிடத்த வேண்டும் என்பது இன்று பயிற்சி பெற்ற ஒவ்வொரு செவிலியருக்கும் தெரிந்த பாடம். சிசேரியன் என்றவுடன் அந்தப் பாடம் அரங்கின் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுவது ஏன் என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய கேள்வி.

ஐந்தில் ஒரு குழந்தை

இக்கேள்வி சிறு தொகையினரைப் பற்றியதாக ஒரு காலத்தில் இருந்தது. 2005-06ஆம் ஆண்டு நடைபெற்ற மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் நிகழ்ந்த பிரசவங்களில் சிசேரியன் 8.5 சதவிகிதமே. 2015-16ல் அது 17.2 சதவிகிதமாயிற்று. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது ஆய்வில் 21.5 சதவிகிதம். அதாவது ஐந்து குழந்தைகளில் ஒன்றுக்கு மேல் அறுவை மேசையில் பிறக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இந்த விகிதம் 14.3, தனியார் மருத்துவமனைகளில் 47.4. மாநிலங்களுக்கிடையே உள்ள வேறுபாடோ மலைக்கவைப்பது: அதே ஆய்வில் நாகாலாந்து 5.2 சதவிகிதம், தெலங்கானா 60.7 சதவிகிதம், தமிழ்நாடு 44.9 சதவிகிதம்.

இத்தனை அறுவைகள் தேவைதானா என்பது தனி விவாதம். 10 முதல் 15 சதவிகிதத்துக்கு மேல் எந்தப் பகுதியிலும் இருக்க நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் கூடிய வல்லுநர்கள் 1985லேயே கருத்துத் தெரிவித்தனர். அந்த விவாதம் நடக்கட்டும்; நடக்கவும் வேண்டும். ஆனால் விவாதம் முடியும்வரை குழந்தைகள் பிறக்காமல் இருப்பதில்லை. தேவையான அறுவையில் பிறந்ததோ, தேவையற்ற அறுவையில் பிறந்ததோ, குழந்தைக்கு உரியது குழந்தைக்குக் கிடைத்தாக வேண்டும்.

இதே ஆய்வுகளில் வேறு இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன் தரும். 2015-16க்கும் 2019-21க்கும் இடையில் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடந்த பிரசவங்கள் 78.9 சதவிகிதத்திலிருந்து 88.6 சதவிகிதமாக உயர்ந்தன. பெரிய சாதனை இது. அதே காலத்தில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளின் விகிதம் 41.6லிருந்து 41.8 ஆயிற்று. அதாவது அசையவே இல்லை. பிரசவம் நிகழும் இடம் மாறியிருக்கிறது. பிறந்த குழந்தையின் முதல் ஒரு மணி நேரம் மாறவில்லை. படித்த செவிலியர் அருகில் இருந்தும் பத்தில் ஆறு குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் பால் கிடைக்கவில்லை என்றால், அதற்குரிய காரணங்களில் சிசேரியனின் பெருக்கமும் ஒன்று என்பதை ஊகிக்க அதிகத் திறமை தேவையில்லை.

குழந்தை அறிந்த வழி

பிறந்த குழந்தை ஒன்றும் அறியாதது என்பது நெடுங்கால நம்பிக்கை. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆன்-மாரி விட்ஸ்ட்ரோமும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த நம்பிக்கையை மாற்றினர். தாயின் மார்பில் தோலோடு தோல் சேரக் கிடத்தி, எவரும் குறுக்கிடாமல் விட்டுவிட்டால், குழந்தை தானாகவே ஒரு வரிசையில் செயல்படுவதை அவர்கள் கண்டு பதிவு செய்தனர். முதலில் பிறந்த அழுகை, பின்பு தளர்ந்து கிடத்தல், கண் விழித்தல், தலையும் கையும் அசைத்தல், நடுநடுவே ஓய்வு, மார்பை நோக்கி ஊர்ந்து நகர்தல், காம்பை நக்கியும் தொட்டும் பழகுதல், சப்பிக் குடித்தல், இறுதியில் உறக்கம். இந்த ஒன்பது நிலைகளையும் கடந்து குழந்தை பால் குடிக்கத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் ஆகிறது. பாதி வழியில் தூக்கிவிட்டால், வரிசை அறுந்துபோகிறது.

அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1990ஆம் ஆண்டு ரிகார்ட், அலாடே என்னும் இரு ஆய்வாளர்கள் லான்செட் இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டனர். இயல்பான பிரசவத்தில் பிறந்த 72 குழந்தைகள். அவற்றுள் 38 குழந்தைகள் ஒரு மணி நேரமும் தாயின் மேல் விடப்பட்டன. மற்ற 34 குழந்தைகள் ஏறக்குறைய 20 நிமிடத்தில் எடுக்கப்பட்டு, எடையும் அளவும் பார்த்துத் திரும்பத் தரப்பட்டன. முதல் பிரிவில் 24 குழந்தைகள் சரியான முறையில் பால் சப்பின. இரண்டாம் பிரிவில் சப்பியவை 7. எடை பார்க்கும் அந்தச் சில நிமிடங்களுக்குக் குழந்தை கொடுத்த விலை இது. எடையோ ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதேதான்.

குழந்தைக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் மோப்பம். 1994ல் இதே இதழில் வெளியான வேறோர் ஆய்வில், தாயின் ஒரு மார்பு மட்டும் கழுவப்பட்டது. 30 குழந்தைகளில் 22 கழுவப்படாத மார்பையே நாடிச் சென்றன. பனிக்குட நீரின் மணமும் மார்பின் மணமும் குழந்தைக்கு உறவானவை. ஆகவே குழந்தையின் உடலைத் துடைக்கும்போது கைகளை அழுத்தித் துடைக்க வேண்டியதில்லை. தாயின் மார்பைக் கிருமிநாசினி கொண்டு துடைக்க வேண்டியதே இல்லை.

தாயின் உடலும் சும்மா இருப்பதில்லை. குழந்தையின் தொடுகை தாயின் உடலில் ஆக்சிடோசின் சுரக்கத் தூண்டுகிறது. அதுவே கருப்பையைச் சுருங்கச் செய்வதும், பாலை இறங்கச் செய்வதும் ஆகும். மார்பின் தோல் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கிறது. தாயின் தோலிலுள்ள தீங்கற்ற நுண்ணுயிர்கள் குழந்தையின் உடலில் முதலில் குடியேறுகின்றன. பிறப்புப் பாதை வழியாக வராத சிசேரியன் குழந்தைக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது.

இது குறித்துச் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழுவினர் 2016ல் வெளியிட்ட மதிப்பீட்டில், 46 ஆய்வுகளும் 3,850 தாய்-சேய் இணைகளும் இடம்பெற்றன. உடனடி அணைப்புப் பெற்ற குழந்தைகள் ஒன்று முதல் நான்கு மாத காலத்தில் தாய்ப்பால் குடித்துக் கொண்டிருக்கும் வாய்ப்பு, ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் எனத் தெரிந்தது. இரத்தத்தில் சர்க்கரையின் அளவும் மேலாக இருந்தது. உடல் வெப்பத்தில் மட்டும் வேறுபாடு இல்லை. அதாவது வெப்ப மேடைக்கு எந்த வகையிலும் தாயின் மார்பு குறைந்ததல்ல. சிசேரியனுக்குப் பின் அணைப்புப் பெற்றவர்களிடமும் இதே போக்கே தென்பட்டது. ஆயினும் அம்முடிவு இரண்டே ஆய்வுகளையும் சிலநூறு கூட எட்டாத சிறு தொகைப் பெண்களையும் சார்ந்தது என்பதை மதிப்பீட்டாளர்கள் மறைக்கவில்லை. இந்த நேர்மையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மறுபுறம், நலமாக உள்ள குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதால் நன்மை உண்டு என்று காட்டும் சான்று எங்கே என்றும் கேட்க வேண்டும்.

பிரிவு எப்படி வழக்கமாயிற்று

முன்னாட்களில் சிசேரியன் அறுவை முழு மயக்கத்தில் நடந்தது. தாய்க்கு நினைவு இல்லை. அவளுக்குத் தந்த மயக்க மருந்தில் ஒரு பங்கு குழந்தையையும் சோர்வுறச் செய்தது. அறுவைக்குக் காரணமே பெரும்பாலும் உயிராபத்துதான். அத்தகைய குழந்தையைத் தனியே எடுத்துச் சென்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நாளில் வகுத்த முறையே அரங்கின் அமைப்பாகவும், பணிப் பங்கீடாகவும், கைப்பழக்கமாகவும் நிலைத்துவிட்டது.

இன்று பெரும்பாலான சிசேரியன்களில் முதுகுத்தண்டில் ஊசி போடப்பட்டு, மார்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகிறது. தாய் விழித்திருக்கிறாள்; பேசுகிறாள்; குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கிறாள். திட்டமிட்டுச் செய்யப்படும் அறுவைகளில் குழந்தையும் பெரும்பாலும் நலமாகவே பிறக்கிறது. பிரித்ததற்குச் சொன்ன இரு காரணங்களும் போய்விட்டன. பிரிப்பது மட்டும் போகவில்லை. 2008ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர்கள் சிலர் திரையைச் சற்று இறக்கி, தாய் பார்த்திருக்கக் குழந்தையை மெதுவாக வெளிக்கொணர்ந்து, நேரே அவள் மார்பில் வைக்கும் முறையை விவரித்து எழுதினர். அதில் புதிய கருவி எதுவும் இல்லை என்பதே அம்முறையின் சிறப்பு.

நலமற்ற குழந்தைகளின் கதை இன்னும் வியப்பானது. 1970களின் இறுதியில், கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் மருத்துவமனையில், இன்குபேட்டர்கள் போதாத நெருக்கடியில், எட்கர் ரே என்னும் மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாய்மார்களின் மார்பில் கட்டிவைக்கத் தொடங்கினார். கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று பின்னாளில் அது பெயர் பெற்றது. வெகுகாலம் வரை, குழந்தையின் நிலை சீரான பின்பே அதைத் தொடங்கலாம் என்பது விதியாக இருந்தது. அந்த விதியைச் சோதித்தது, உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு. இந்தியாவில் அது தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை எடையுள்ள 3,211 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டன. பிறந்தவுடன் அணைப்புத் தொடங்கப்பட்ட பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தவை 12.0 சதவிகிதம், பழைய விதிப்படி காத்திருந்த பிரிவில் 15.7 சதவிகிதம். நன்மை தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2021ல் வெளியாயின.

இந்த ஆய்வில் நிர்வாகிகள் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கும் கட்டில் போடப்பட்டது. தாயும் அங்கேயே படுத்தாள். அவளுக்குரிய மருத்துவமும் அங்கேயே நடந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் குழந்தை மார்பில் இருந்தது. தாயை வெளியே நிறுத்தும் சுவர் அகற்றப்பட்டதுதான் சிகிச்சை. 1.5 கிலோக் குழந்தைக்கே தாயின் மார்பு காப்பளிக்கும்போது, அறுவையில் பிறந்த மூன்று கிலோக் குழந்தையை அங்கிருந்து விலக்கி வைப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

அரங்கினுள் செய்யவேண்டியவை

வேலை அறுவைக்கு முந்திய நாளே தொடங்குகிறது. குழந்தை மார்பில் வைக்கப்படும் என்பதைத் தாயிடம் சொல்லியிருக்க வேண்டும். மேசையில் படுத்து, நடுக்கமும் குமட்டலும் உள்ள நேரத்தில் முதன்முறையாகக் கேட்டால், அவள் அஞ்சி வேண்டாம் என்றுதான் சொல்வாள். அவளுடைய அங்கி முன்புறம் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். ஈ.சி.ஜி. ஒட்டுகளை மார்பின் நடுவில் ஒட்டாமல் தோள்களிலும் பக்கவாட்டிலும் ஒட்டினால் இடம் கிடைக்கும். டிரிப் ஏறும் கையும் இரத்த அழுத்தப் பட்டை கட்டிய கையும் தனித்தனியாக இல்லாமல், ஒரு கையாவது தளர்வாக இருக்குமாறு மயக்க மருத்துவர் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கையால்தான் அவள் குழந்தையைத் தழுவ வேண்டும்.

அரங்கின் குளிர் ஒரு மெய்யான தடை. கவச உடையில் வேர்க்கும் அறுவை மருத்துவருக்குக் குளிர்ச்சி வேண்டும். பிறந்த குழந்தைக்கோ, பிரசவ அறை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குளிர்சாதனத்தின் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பல அரங்குகளில் இவ்வழக்கு தீர்க்கப்படுகிறது. குழந்தை வெளிவரும் சில நிமிடங்களுக்கு முன்னதாகக் குளிர்சாதனத்தைக் குறைத்து வைப்பது நடக்காத காரியமல்ல.

குழந்தை வெளிவந்ததும் முதல் கேள்வி: மூச்சு விடுகிறதா? விடவில்லை என்றால் வெப்ப மேடைக்கே போக வேண்டும். அங்கே உயிர்ப்பிக்கும் பணிக்கு முன் வேறெதுவும் இல்லை. மூச்சுவிட்டு அழுதால், ஒரு நிமிடமாவது காத்துத் தொப்புள்கொடியைத் துண்டித்து, ஈரத்தை நன்கு துடைத்து, ஈரத்துணியை அப்புறப்படுத்திவிட்டு, தாயின் மார்புக்குக் குறுக்கே குழந்தையைக் கிடத்தலாம். வயிற்றில் அறுவை நடப்பதால் நெடுக்காகக் கிடத்த இடமிராது. தலையில் தொப்பி, முதுகின்மேல் உலர்ந்த, கதகதப்பான துணி. துணி குழந்தைக்கும் தாய்க்கும் நடுவில் வரக்கூடாது. இருவரையும் சேர்த்து மூட வேண்டும். சின்ன விஷயம்போல் தோன்றினாலும், துணி சுற்றிய குழந்தையைத் தாயின் கன்னத்தருகே வைத்துவிட்டு அணைப்புக் கொடுத்தாயிற்று என்று எழுதிவிடும் வழக்கம் இங்கேதான் பிறக்கிறது.

வைட்டமின் கே ஊசி, எடை, அளவு யாவும் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். அடையாளப் பட்டை மட்டும் காத்திருக்கக்கூடாது. அது தாயின் கண்ணெதிரே கட்டப்பட வேண்டும். தையல் முடிந்து தாயை டிராலிக்கு மாற்றும் நேரத்தில் குழந்தையைச் சற்று எடுத்துப் பிடித்து, மாற்றிய உடனே திரும்ப மார்பில் வைத்துவிட வேண்டும்.

இந்த முழு நேரமும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அறுவைக்குப் பின் தாய் களைத்திருப்பாள், கண்ணயர்வாள். மல்லாந்து படுத்திருக்கும் அவளுக்குக் குழந்தையின் முகம் தெரியாது. குழந்தையின் மூக்கு மார்பில் அழுந்தினாலோ, கழுத்து மடிந்தாலோ மூச்சு தடைப்படலாம். நலமாகப் பிறந்த குழந்தை முதல் சில மணி நேரத்தில் எதிர்பாராமல் மூச்சடங்கிப் போவது மிக அரிது, ஆனால் நிகழக்கூடியது. முகம் தெரியும்படி தலை ஒருபுறம் திரும்பியிருக்கிறதா, நிறம் சிவந்திருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கண்கள் வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் உதவும். அது கண்களுக்கு ஈடாகாது. தாய்க்கு இரத்தப்போக்கு மிகுந்தாலோ, வலிப்பு கண்டாலோ, மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ குழந்தையை உடனே எடுத்துவிட வேண்டும்.

ஒரு ஜோடிக் கைகள்

ஆக, உபகரணத்துக்குச் செலவில்லை. ஆளுக்குச் செலவு உண்டு. ஊதியமின்றிக் கிடைக்கும் சிகிச்சை என்று இதனைப் புகழ்வோர் இதைச் சொல்வதில்லை. மாவட்ட மருத்துவமனைகளில் ஒன்றன்பின் ஒன்றாக அறுவைகள் நடக்கும் நாளில், குழந்தையை வாங்கிய செவிலியர் அதை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த அறுவைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த ஒரு செவிலியரை ஒரு மணி நேரம் தாயின் தலைமாட்டில் நிறுத்தும் பணிப் பட்டியல் வகுக்கப்படாதவரை, சுவரில் எத்தனை விளம்பரத் தட்டிகள் தொங்கினாலும் பயன் விளையாது. ஆள் இல்லாத இடத்தில் குழந்தையை மார்பில் வைத்துவிட்டுப் போவதைவிட வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஒரு செவிலியர் கருதினால், அவரைக் குறை சொல்ல முடியாது. பட்டியலை வகுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கொள்கைக்குக் குறைவில்லை. தாய்ப்பாலை ஆதரிக்கும் மருத்துவமனைகளுக்கான பத்துப் படிகளை உலக சுகாதார நிறுவனமும் யூனிசெபும் 1989ல் வெளியிட்டன. 2018ல் திருத்தப்பட்ட வடிவின் நான்காம் படி, இடையூறில்லாத உடனடி அணைப்பைக் கூறுகிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் புட்டிப்பால் விளம்பரத்தைத் தடை செய்கின்றன. அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் உட்படப் பிரசவம் யாவும் இலவசம் என்பதை 2011ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியகிரம் உறுதி செய்தது. 2016 ஆகஸ்டில் தாய்ப்பாலுக்கென 'மா' திட்டம் வந்தது. 2017 டிசம்பரில் வந்த 'லக்ஷ்யா' திட்டம், பிரசவ அறையோடு மகப்பேற்று அறுவை அரங்கையும் தர மதிப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. சிசேரியன் தாய்மார்களைப் பொறுத்தவரை இதுவே பெரிய வாய்ப்பு. ஏனெனில் அரங்கினுள் நடப்பதை வெளியாள் ஒருவர் வந்து பார்த்து மதிப்பெண் இடும் ஏற்பாடு அதில் இருக்கிறது.

பதிவேட்டைப் பற்றி ஒரு சொல். 'அணைப்புத் தரப்பட்டதா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதுவதற்கு ஒரு வினாடிகூட ஆகாது. அதற்குப் பதிலாக, குழந்தை மார்பில் வைக்கப்பட்ட நேரம், எடுக்கப்பட்ட நேரம் என இரண்டு நேரங்களை எழுதச் சொன்னால், பதிவேட்டைப் புரட்டும் அலுவலருக்கு உண்மை தெரிந்துவிடும். 10.42க்கு வைத்து 10.45க்கு எடுத்த குழந்தைகள் ஒரு மருத்துவமனையில் நூறு இருந்தால், அங்கே கேட்கவேண்டியது ஆள் பற்றிய கேள்வி.

தனியார் மருத்துவமனைகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. அங்கே நடக்கும் பிரசவங்களில் ஏறக்குறைய பாதி சிசேரியன். அரசுத் திட்டங்களின் பார்வையோ அங்கே எட்டுவது அரிது. கட்டணம் வாங்கும் இடத்தில் ஒரு செவிலியரை ஒரு மணி நேரம் ஒதுக்குவது இயலாது என்ற வாதமும் எடுபடாது.

வாசலில் காத்திருப்போர்

அரங்கின் வாசலில் நிற்கும் உறவினர்களை மறந்து இதைப் பேச முடியாது. அவர்களுக்குக் குழந்தையைப் பார்க்கும் ஆவல். மாமியாருக்கு ஆணா, பெண்ணா என்று அறியும் அவசரம். குழந்தையை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டும் அந்தக் கணத்தில் இனாம் கேட்கும் வழக்கமும் சில இடங்களில் ஊறிப்போயிருக்கிறது. பெண் குழந்தை என்றால் அந்த இனாம் குறையும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த உண்மையே. குழந்தை தாயின் மார்பிலேயே இருந்துவிட்டால், இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் இடமே இல்லாமற் போகும். எதிர்ப்பு சில வேளைகளில் இந்தத் திசையிலிருந்தும் வரலாம்.

உறவினர் கையில் குழந்தை இருக்கும் அந்த இடைவெளியில்தான் முதல் உணவும் நுழைகிறது. வட மாநிலங்களில் 'குட்டி' என்னும் மருந்துக் கலவை அல்லது தேன். தமிழகத்தில் சேனை என்று நாவில் தொட்டு வைக்கும் இனிப்பு நீர். நகரங்களில் கடையில் வாங்கிய மாவுப்பால். அழும் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே கிடக்கும் தாய் எப்போது வருவாள் என்று தெரியாமல் நிற்கும் பாட்டி வேறென்ன செய்வாள்? சீம்பாலின் பெருமையை அவளுக்கு உபதேசிப்பதைக் காட்டிலும், குழந்தையை அவள் கைக்கு அனுப்பும் நேரத்தை ஒரு மணி தள்ளிவைப்பது எளிது. உள்ளே தாயும் சேயும் ஒன்றாக இருக்கிறார்கள் என்ற செய்தியை ஒருவர் வாசலுக்கு வந்து சொல்லிவிட்டால் போதும், பாட்டிகள் காத்திருப்பார்கள்.

முழு மயக்கம் தவிர்க்க முடியாத அறுவைகள் இன்றும் உண்டு. இரத்தப்போக்கு, வலிப்பு, முதுகில் ஊசி போட இயலாத நிலை போன்ற காரணங்கள் பல. அப்போது தந்தையோ நெருங்கிய உறவினரோ சட்டையைக் களைந்து தம் மார்பில் குழந்தையை வைத்துக்கொள்ளலாம். கதகதப்பு கிடைக்கும், குழந்தையின் அழுகையும் அடங்கும், பால் மட்டும் காத்திருக்க வேண்டும். தாய் நினைவு திரும்பி, தன் பெயரைச் சொல்லி, கேட்டதற்கு விடை கூறும் நிலைக்கு வந்ததும், குழந்தையைச் சுற்றிய துணியை அவிழ்த்து அவள் மார்பில் கிடத்தி, செவிலியர் அருகிலிருந்து, அவசரப்படாமல் பார்த்திருக்கலாம். பிறந்து சில மணி நேரம் ஆகிவிட்ட அந்தக் குழந்தையும் சற்று நேரம் அசையாமல் கிடக்கும். பின்பு கண் திறக்கும். கையை வாய்க்குக் கொண்டுபோகும். மெல்ல மார்பை நோக்கி ஊரத் தொடங்கும்.